கூன் விழுவதற்கு வயதுதான் காரணமா?

(எருத்தேன்பதியில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கு முன் பேசுகிறேன் என்று சொல்லலாமென்று பார்த்தால், இங்கு என்னைவிடப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர்தான் தென்படுகிறார்கள். எனக்கும் எழுபத்தைந்து ஆகிவிட்டது. ஆகையால் சம வயதுக்காரர்களிடம் பேசுவதாகவே நினைத்துக் கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் டாக்டர் அல்ல. வேதியியலில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய அரசின் தணிக்கைத் துறையில் முப்பத்தேழு வருஷம் பிறர் எழுதிய கணக்கைத் திருத்திக் கொண்டிருந்தவன். முதுகெலும்பைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் இதே ஊரில், இந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் அக்கா. இங்கே முன் வரிசையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கதையைச் சொல்ல அவளிடமே அனுமதி வாங்கிவிட்டேன். "சொல்லு, ஆனா என் வயசைச் சொல்லாதே" என்றாள். சொல்லவில்லை.

அத்திம்பேர் காலமான பிறகும் அக்கா தென்னந்தோப்பை விட்டு வரமாட்டேன் என்று இங்கேயே இருந்துவிட்டாள். சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், தண்ணீர் லாரி வந்த அவசரத்தில் ஒரு குடத்தைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறாள். இடுப்புக்கு மேலே 'சளக்'கென்று ஒரு வலி. விழவில்லை, அடி படவில்லை. போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணுமில்லேடா, வாய்வு பிடிச்சுண்டுடுத்து." நானும் சரி என்று விட்டுவிட்டேன். தைலம் தேய்த்தார்கள். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து, "இந்த வயசில் எலும்புத் தேய்மானம் சகஜம்" என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஆறு வாரத்தில் வலி குறைந்தது. எட்டு மாதம் கழித்து மாவு டப்பாவை எடுக்கக் குனிந்தபோது மறுபடி அதே வலி. இந்தத் தடவை எழுந்திருக்கவே முடியவில்லை. கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்ப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்ததில், முதுகெலும்பில் ஒன்றல்ல, மூன்று எலும்புகள் நசுங்கியிருந்தன. இரண்டு எங்களுக்குத் தெரியும். மூன்றாவது எப்போது நசுங்கியது என்று அவளுக்கே தெரியாது.

நான் பேச வந்த விஷயம் அந்த மூன்றாவது எலும்புதான்.

கை உடைந்தால் கட்டுப் போடுகிறோம். தொடை எலும்பு உடைந்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. முதுகெலும்பு உடைந்தால் மட்டும் தைலம் தேய்க்கிறோம், ஏனென்றால் அது உடைந்ததாகவே நமக்குத் தோன்றுவதில்லை. எலும்பு பலவீனத்தால் நசுங்கும் முள்ளெலும்புகளில் மூன்றில் ஒன்றுதான் டாக்டரின் கவனத்துக்கே வருகிறது. மற்றவை 'முதுகுப் பிடிப்பு', 'வாய்வு', 'வயசு' என்ற பெயர்களில் நம் வீடுகளிலேயே தங்கிவிடுகின்றன. ஆனால் கணக்கு அத்தோடு முடிவதில்லை. ஒரு முள்ளெலும்பு நசுங்கிய பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு, அடுத்த ஒரே வருஷத்துக்குள் இன்னொன்று நசுங்குகிறது என்று 2001ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. என் அக்காவுக்கு எட்டு மாதம். அந்த முதல் குடத்து வலியிலேயே நான் விழித்துக் கொண்டிருந்தால், மாவு டப்பா அவளை ஒன்றும் செய்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் நினைக்கிறேன்.

இந்த 'எலும்புத் தேய்மானம்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். முழங்காலில் மூட்டு தேய்வதையும் நாம் தேய்மானம் என்கிறோம், எலும்பின் உட்பகுதி செல்லரித்துப் போவதையும் தேய்மானம் என்கிறோம். இரண்டும் வேறு வேறு வியாதி. முதலாவது ஆர்த்ரைட்டிஸ். அது வலிக்கும், தன் இருப்பைக் காட்டிக் கொண்டே இருக்கும். இரண்டாவது ஆஸ்டியோபோரோசிஸ், எலும்புப் புரை நோய். அதற்கு வலியே கிடையாது, உடைகிற நாள் வரைக்கும். கரையான் பிடித்த உத்தரம் வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது?

முள்ளெலும்பின் உள்ளே தேன்கூடு மாதிரி மெல்லிய எலும்புத் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. உடம்பு பழைய எலும்பைக் கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொண்டே இருக்கிறது. முப்பது வயது வரை வரவு அதிகம். அதற்குப் பின் மெதுவாகச் செலவு அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற அடுத்த சில வருஷங்களில் செலவு திடீரென்று ஏறுகிறது. தேன்கூட்டில் குறுக்குத் தகடுகள் முதலில் அறுந்து போகின்றன. மீதியுள்ள நெடுக்குத் தகடுகள் தாங்கும்வரை தாங்கி, ஒரு நாள் ஒரு குடம் தண்ணீருக்கு மடங்குகின்றன. மார்புப் பகுதியின் நடுவிலும், மார்பும் இடுப்பும் சேருமிடத்திலும்தான் இது அதிகம். எலும்பின் முன்பக்கம் நசுங்குவதால் உடம்பு முன்னால் வளைகிறது. அதுதான் கூன். நெஞ்சுக்கூடு இறங்கி வயிற்றை அமுக்குவதால் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மூச்சும் முட்டும். "பாட்டிக்குப் பசியே இல்லை" என்று நாம் ஜீரண லேகியம் கொடுத்துக் கொண்டிருப்போம்.

ஆண்கள் இது மாமிகள் சமாச்சாரம் என்று காபிக்கு எழுந்து போக வேண்டாம். எனக்கே உண்டு. பல வருஷம் ஆஸ்துமாவுக்காக அவ்வப்போது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதன் பலன். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிடும் எவரும், ஆணோ பெண்ணோ, எலும்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். தைராய்டு மாத்திரை அளவு கூடிப் போனவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பாராதைராய்டு சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இனி, படித்தவர்கள் நாம் ஏமாறுகிற இடத்துக்கு வருகிறேன். எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்று ஒரு ஸ்கேன் இருக்கிறது. அது டி ஸ்கோர் என்ற எண்ணைக் கொடுக்கும். இளம் வயது ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று உலக சுகாதார நிறுவனம் 1994ல் வகுத்தது. தணிக்கைக்காரனுக்கு எண் என்றால் பிரியம். அக்காவின் ரிப்போர்ட்டைப் பிரித்தவுடன் அந்த எண்ணைத்தான் தேடினேன். இடுப்பு முதுகெலும்பில் மைனஸ் 1.1 என்று இருந்தது. அதாவது ஏறக்குறைய நல்ல எலும்பு. மூன்று எலும்பு நசுங்கிய முதுகுக்கு இப்படி ஒரு சர்டிபிகேட்!

மெஷின் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நசுங்கிய எலும்பு, அமுக்கின பஞ்சு மாதிரி, சிறிய இடத்தில் அடர்த்தியாகத் தெரியும். வயதானவர்களின் முதுகெலும்பில் ஆர்த்ரைட்டிஸால் ஓரங்களில் எலும்பு முளைத்திருக்கும். முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து மெஷின் 'அடர்த்தி' என்று எழுதிவிடும். அதனால்தான் இடுப்பு மூட்டையும் சேர்த்து அளக்கிறார்கள். அங்கே அக்காவின் எண் மைனஸ் 2.9. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீர் எது?"

எருத்தேன்பதிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் உடனே புரியும். சிற்றூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதியில் கேரளத்து மழை எட்டிப் பார்ப்பதோடு சரி. கிணறு வற்றி ஆழ்குழாய் வந்தது, ஆழ்குழாயும் கீழே கீழே போய்க் கொண்டிருக்கிறது. கேரளத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்கள் இரண்டு, ஆலப்புழையும் நம் பாலக்காடும். பாலக்காட்டில் அது இந்தக் கிழக்குப் பக்கத்துப் பாறையில்தான் அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். அக்கா வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்த்தோம். வரம்பைத் தாண்டித்தான் இருந்தது.

ஃபுளோரைடு எலும்பில் போய் உட்காரும். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று, கனமாகத் தெரியும். ஆனால் அந்தக் கனம் பலம் அல்ல. இது புதிய செய்தியும் அல்ல. 1937லேயே ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடால் முதுகு கட்டை போல் இறுகிப் போன மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும், ஃபுளோரைடு அடர்த்தியைக் கூட்டுகிறதே என்று பிற்பாடு மேல்நாட்டில் அதையே ஆஸ்டியோபோரோசிஸுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக் 202 பெண்களிடம் நான்கு வருஷம் நடத்திய ஆய்வு 1990ல் வெளியாயிற்று. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. முள்ளெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவோ அதிகமாகிவிட்டது. புத்தகத்தில் லாபம், பெட்டியில் பணம் இல்லை என்று நாங்கள் ஆபீஸில் சொல்லுவோம், அது மாதிரி.

அக்காவின் முதுகில் ஃபுளோரைடின் பங்கு எவ்வளவு என்று டாக்டர் தீர்ப்புச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். பலமாக அடிபடாமல், குனிந்ததிலோ தூக்கியதிலோ ஒரு முள்ளெலும்பு நசுங்கினால், வேறு வியாதி எதுவும் இல்லையென்று பார்த்துக் கொண்டபின், அதுவே ஆஸ்டியோபோரோசிஸ். எண் என்ன சொன்னாலும் சரி.

அந்த 'வேறு வியாதி' என்பதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் காச நோயோ புற்று நோயோ முதுகெலும்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைலோமா என்ற ரத்தப் புற்று நோய் ஆஸ்டியோபோரோசிஸ் மாதிரியே வேஷம் போடும். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் என்ற பேச்சே இல்லை.

இனி வைத்தியம். வலி கடுமையாக இருக்கும் நாட்களில் படுத்திருக்கலாம். ஆனால் படுக்கையே கதி என்று மாதக் கணக்கில் இருந்தால், இருக்கிற எலும்பும் கரையும். நசுங்கிய எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் சிகிச்சை ஒன்று பிரபலமாயிற்று. 2009ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் வைத்ததாகப் பாவனை மட்டும் செய்தவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்தது. சிலருக்கு அது தேவைப்படலாம். எடுத்த எடுப்பில் சம்மதிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மருந்துகளில் அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. காபியும் கூடாது! நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய தபஸ் இல்லை. ஒரு நண்பர் டிகாஷனோடு மாத்திரையை விழுங்கி வந்தார். காசைக் கரைத்துக் குடித்ததுதான் மிச்சம். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி, டிரிப்ஸாக ஏற்றுவார்கள். சிறுநீரகத்தைப் பரிசோதித்த பிறகுதான். முதல் தடவை இரண்டு நாள் ஜுரம் அடிக்கலாம், பயப்பட வேண்டாம். இந்த மருந்துகள் தொடங்குமுன் பல் வைத்தியம் பாக்கியிருந்தால் முடித்துக் கொள்வது உத்தமம், தாடை எலும்பில் அபூர்வமாகப் புண் வருவதுண்டு. சில வருஷங்களுக்குப் பின் டாக்டரே இடைவெளி கொடுக்கலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

டெனோசுமாப் என்று ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது. நல்ல மருந்து, ஆனால் இதில் ஒரு கண்டிப்பு உண்டு. பெண்ணைப் பார்க்க அமெரிக்கா போகிறேன், வந்து போட்டுக் கொள்கிறேன் என்று தேதியைத் தவறவிட்டால், அடக்கி வைத்திருந்த கரைப்பு வேலை மொத்தமாகக் கிளம்பி, ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் நசுங்கிப் போகலாம். ஆகவே ஊசித் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அக்காவுக்குக் கொடுத்தது டெரிபாரடைட். இது கரைவதைத் தடுப்பதோடு நிற்காமல் புது எலும்பைக் கட்டும். தினம் ஒரு ஊசி, பேனா போன்ற கருவியில், தானே வயிற்றில் போட்டுக் கொள்ள வேண்டும். "நானா, ஊசியா?" என்று முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டாள். பதினெட்டு மாதம் முடிந்ததும் விட்டுவிடாமல் ஸோலெட்ரானிக் ஊசிக்கு மாற்றினார்கள். மாற்றாவிட்டால் கட்டிய எலும்பு திரும்பக் கரைந்துவிடும்.

இத்தனை மருந்துக்கும் அடியில் சுண்ணாம்பும் விட்டமின் டி-யும் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்பது 2020ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட பரிந்துரை. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம், 100 கிராம் கேழ்வரகில் 350க்கு மேல், எள்ளில் அதைவிடப் பல மடங்கு. 'நாம் பாலும் தயிருமாகச் சாப்பிடுகிறவர்கள், நமக்கென்ன' என்று நினைத்தால், தனியாக இருக்கும் வயதானவர்களின் தட்டைப் பாருங்கள். அரை டம்ளர் பால் காபியில், இரண்டு கரண்டி நீர் மோர். அவ்வளவுதான். பருப்பும் குறைந்துவிடும். ராத்திரிக்கு ரசஞ்சாதமே போதும் என்பார்கள். எலும்புக்குப் புரதமும் வேண்டும். மாத்திரையாகக் கால்சியம் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் விட்டமின் டி குறைவு வருமா? வருகிறது. திருப்பதியில் நடந்த ஆய்வுகளில் தென்னிந்தியர்களிடம் இக்குறைவு பரவலாக இருப்பதைக் கண்டார்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 2008ல் வெளியிட்ட ஆய்விலும், மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தக் குறைவும், பாதிப்பேருக்கு ஆஸ்டியோபோரோசிஸும் இருந்தன. காலை இளம் வெயில் நல்லது என்று நடக்கிறோம். நடை நல்லதுதான், ஆனால் அந்த வெயிலில் இந்த விட்டமின் அநேகமாகக் கிடையாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம், அதாவது பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரைதான் அது தோலில் உண்டாகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. காலை ஸந்தியிலும் சாயங்கால ஸந்தியிலும் கிடைக்காதது, மேல் துண்டோடு மொட்டை மாடியில் செய்யும் மாத்யான்ஹிகத்தில் கிடைக்கும் என்று நான் சொன்னால் வாத்தியார் சிரிக்கிறார். வயதான தோலில் அதுவும் குறைவு, ஆகவே மாத்திரை தேவைப்படும். 60,000 யூனிட் மாத்திரையை டாக்டர் வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதினால், அதோடு நிறுத்த வேண்டும். சிலர் தினம் ஒன்றாகவும், சிலர் வருஷக் கணக்கில் வாரம் ஒன்றாகவும் விழுங்குகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

தேகப்பயிற்சியில் ஒரே ஒரு எச்சரிக்கை. முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சி புரை விழுந்த முதுகுக்கு ஆகாது. 1984ல் மேயோ கிளினிக்கில் இந்த நோயுள்ள 59 பெண்களைக் கவனித்ததில், முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் புதிதாக எலும்பு நசுங்கியது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். யோகா வகுப்பில் கால் கட்டை விரலைத் தொடச் சொன்னால், உங்கள் முதுகைப் பற்றி முதலில் சொல்லிவிடுங்கள். கோலம் போடுவது, விளக்கு ஏற்றுவது, தரையிலிருந்து பாத்திரம் எடுப்பது எல்லாம் இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கிச் செய்யலாம். முழங்காலும் போய்விட்டதா, அடுத்த தலைமுறையைக் கூப்பிடுங்கள். பெரியவர்களுக்குப் பெரியவர்கள் நமஸ்காரம் பண்ணும்போது கை கூப்பினால் போதும், ஆசீர்வாதம் குறையாது. ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். நழுவும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

அக்கா வீட்டில் இப்போது குடிக்கவும் சமைக்கவும் ஆழ்குழாய்த் தண்ணீர் இல்லை. வடிகட்டும் கருவி வைத்திருக்கிறோம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பி.எஸ்ஸி. படிப்பு ஒரு வழியாக உபயோகப்பட்டது இந்த ஓர் இடத்தில்தான். நாலாவது எலும்பு இதுவரை நசுங்கவில்லை.

அவளுடைய உயரம் எப்போது குறைய ஆரம்பித்தது என்று பின்னால் யோசித்துப் பார்த்தோம். கொடியில் துணி உலர்த்தக் கை எட்டவில்லை என்று சொல்லி, கொடியை இறக்கிக் கட்டியிருக்கிறாள். புடவையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்ட ஆரம்பித்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. இளம் வயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டிலோ, பழைய சர்வீஸ் ரிஜிஸ்டரிலோ உங்கள் பழைய உயரம் எழுதியிருக்கலாம். இன்னொரு சோதனை: சுவரில் குதிகாலும் முதுகும் படும்படி நின்றால் பின்மண்டையும் சுவரைத் தொட வேண்டும். இடைவெளி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த மண்டபத்து வாசல் நிலைக்குப் பக்கத்தில் காலையிலேயே டேப் ஒட்டி, சென்டிமீட்டர் குறித்து வைத்திருக்கிறேன். மருமான் பென்சிலும் நோட்டுமாக அங்கே நிற்கிறான். காபி தயாராக இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாக வாருங்கள்.